கடைசித் தாள் இல்லாத புத்தகம்

கதைப் புத்தகம் படிப்பவரைக் கண்டாற் பண்டிதருக்குக் கோபம் வரும் என்பது ஊரிலே நிலைத்துவிட்ட ஒரு நம்பிக்கை. நான் வாசிகசாலைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கையிலுள்ளதை மறைத்துக்கொள்கிறார்கள். முன்பு மறைத்தது மாத நாவல். இப்பொழுது மறைப்பது கைப்பேசி. மறைக்கப்படும் பொருள் மாறியிருக்கிறது. மறைக்கும் விரைவு மாறவில்லை.

உண்மை வேறு. கதை படிப்பவரை வெறுக்கும்படி எந்தத் தமிழ் இலக்கணமும் எனக்குக் கற்பிக்கவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலிலே உரைநடையை நான்கு வகையாக வகுக்கிறார். பாட்டின் இடையே வரும் உரை, பாட்டின்றியே வரும் உரை என்னும் இரண்டோடு அவர் நின்றுவிடவில்லை. நடவாததை நடந்ததாகச் சொல்லும் பொய்க்கதையையும், கேட்டார் நகைக்கும்படி சொல்லும் கதையையும் அவற்றோடு சேர்த்து எண்ணுகிறார். யானையுங் குருவியும் நட்புச்செய்த கதை போல்வன என்று அதற்கு உதாரணங் காட்டுவர் உரைகாரர். யானைக்கும் குருவிக்கும் இடங்கொடுத்த இலக்கணம் துப்பறியும் சிங்கத்துக்கு மாத்திரம் இடங் கொடாதா? கொடுக்கும். ஆகவே, பொழுதுபோக்குக் கதைகளைத் திட்டுவதற்கு எழுந்ததன்று இக்கட்டுரை.

ஆயின் ஒரு வினா உண்டு. பல ஆண்டுகளாகக் கதைகளையே படித்து வந்த ஒருவர், ஒருநாள் பழந்தமிழ் நூலொன்றைக் கையிலெடுத்தால், அதனை அவராற் படிக்க முடிகின்றதா? முடியவில்லை என்றே பலரும் சொல்கின்றனர். பட்டம் பெற்றவர் சொல்கின்றனர். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர் சிலரும் தாழ்ந்த குரலிற் சொல்கின்றனர். பள்ளிக்கூடத்திலே படித்ததுதான், இப்பொழுது எடுத்தால் இரண்டு பக்கம் போவதில்லை என்கிறார்கள். பழைய நூல் கடினமானது என்பது அவர்கள் கூறுங் காரணம். காரணம் அதுதானா என்று சற்றே பார்ப்போம்.

விளக்கும் நாவலும்

1990 ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அரும்பொருள். ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சு வைத்து, அதிற் சிறிது எண்ணெய் விட்டு எரித்த சின்னஞ்சிறு விளக்கிலே ஒரு தலைமுறை படித்துத் தேறியது. நான் அப்பொழுது இருபது வயதைக் கடந்தவன். பண்டித வகுப்பு மாணாக்கன். பகலிலே தொல்காப்பியம், இரவிலே துப்பறியும் நாவல். இரண்டுக்கும் இடையே எனக்கு எந்தப் பகையுந் தோன்றவில்லை. இன்றுந் தோன்றவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து புதிய புத்தகங்கள் வருவது அருமையாயிற்று. இருந்த நாவல்களே வீட்டுக்கு வீடு, ஒழுங்கைக்கு ஒழுங்கை கைமாறின. கைமாறக் கைமாற முதலிற் போனது அட்டை. பின்பு முதற்றாள் போனது. முடிவிலே கடைசித் தாளும் போயிற்று.

அப்படி ஒரு நாவல் என்னிடம் வந்தது. கொலை நடக்கின்றது. துப்பறிபவர் வருகிறார். ஐந்து பேர்மேற் சந்தேகம். எல்லாரையும் ஓர் அறையிலே கூட்டி இருத்துகிறார். கதவைச் சாத்துகிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அவ்வளவுதான், அடுத்த தாள் இல்லை.

கடைசித் தாளோடு அதனைப் படித்தவர் யார் என்று சைக்கிளிலே தேடித் திரிந்தோம். ஒருவர் தோட்டக்காரன் என்றார். மற்றொருவர் மைத்துனன் என்று அடித்துச் சொன்னார். அடித்துச் சொன்னவர் வேறொரு நாவலை நினைத்துச் சொல்லியிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. அந்தப் புத்தகத்தை அதன்பின் ஒருவருந் தொடவில்லை. சில காலம் உறைபோடக் கடதாசியாயிற்று.

இது ஒரு பக்கம். கடைசித் தாள் உள்ள நாவல்களின் கதி என்ன? அவற்றையும் ஒருவர் இரண்டாமுறை படிக்கவில்லை. கொலைகாரன் இன்னான் என்று தெரிந்தபின் படிப்பதற்கு அதிலே என்ன இருக்கிறது? கடைசித் தாள் இல்லாவிட்டாலும் அந்தப் புத்தகம் இறந்துவிடுகின்றது. கடைசித் தாளைப் படித்துவிட்டாலும் இறந்துவிடுகின்றது. அதன் உயிர் அந்த ஒரு தாளிலேயே இருக்கின்றது. மந்திரவாதியின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருந்ததாகப் பாட்டிமார் சொல்வார்களே, அதுபோல என்க.

ஊனமுற்றும் உயிரோடிருப்பவை

இனி, நமது பழைய நூல்களைப் பாருங்கள். பதிற்றுப்பத்து என்பது பெயர். கையில் இருப்பவை எட்டுப் பத்துகளே. முதற்பத்தும் இல்லை, கடைசிப் பத்தும் இல்லை. பரிபாடல் எழுபது என்பது பழைய கணக்கு. முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. புறநானூற்றில் 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. அதன் பிற்பகுதியிலே அடிகள் சிதைந்த பாட்டுக்கள் பல. குறுந்தொகைக்குப் பேராசிரியர் உரை எழுதினார். அவர் எழுதாது விட்ட இருபது பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்பர். இரண்டு உரையும் இன்று இல்லை.

முன்பக்கம் போயும், பின்பக்கம் போயும், நடுவிலே ஓட்டை விழுந்தும் இவை உயிரோடிருக்கின்றன. ஒரு தாள் போனதும் நாவல் உறைக்கடதாசியாயிற்று. இருபது பாட்டுப் போன பின்பும் பதிற்றுப்பத்து பதிற்றுப்பத்தாகவே இருக்கின்றது. ஏன்?

இதற்கு விடை எனக்கு வகுப்பிலே கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டிலே கிடைத்தது.

கைமாறி வந்த நாவல்கள் தீர்ந்து போயின. வீட்டிலே இருந்தது பரீட்சைக்குப் படித்த குறுந்தொகை. திணை, துறை, கூற்று எல்லாம் எனக்கு மனப்பாடம். பரீட்சை முடிந்ததும் மூடி வைத்த நூல் அது. வேறொன்றும் இல்லாமையால் அதனை எடுத்தேன். எடுத்தபின் ஒரு வசதி தெரிந்தது. நாவலைப் படிப்பதானால் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். குறுந்தொகைக்கு அது வேண்டியதில்லை. நாலு அடியைப் படித்துவிட்டு விளக்கை ஊதி அணைத்துவிட்டால், மிகுதியை இருட்டிலே படிக்கலாம்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாட்டின் பெரும்பகுதி ஏட்டிலே இல்லை என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

வேலிப்புறத்தில் ஒருவன்

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு தேவகுலத்தார் பாடியது. நாலே அடி. மலைச்சாரலிலே கரிய காம்புடைய குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேர்கின்ற நாட்டை உடையவன் தலைவன்; அவனோடு கொண்ட நட்பு நிலத்திலும் பெரிது, வானத்திலும் உயர்ந்தது, கடல்நீரிலும் ஆழமானது என்கிறாள் தலைவி. இவ்வளவுதான் பாட்டின் பொருள். பரீட்சையிலே இதை எழுதினால் புள்ளி கிடைக்கும்.

ஆனால் இதை யார், யாரிடம், எப்பொழுது சொல்கிறாள்? பாட்டின் கீழே பழையோர் எழுதிவைத்த கூற்றுக் குறிப்பைப் பாருங்கள். தலைவன் வேலிப்புறத்திலே மறைவாக வந்து நிற்கிறான். தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். அவன் விரைவிலே மணம் பேசி வரவேண்டும் என்பது அவள் கருத்து. அந்தப் பழிப்புக்கு மறுமொழியாகத் தலைவி அவனைப் புகழ்கிறாள்.

இப்பொழுது பாட்டை மறுபடி படியுங்கள். தலைவி முகம் தோழியை நோக்கியிருக்கிறது. சொல் வேலியை நோக்கிப் போகின்றது. பழித்தவளும் அவனுக்காகவே பழித்தாள். புகழ்ந்தவளும் அவனுக்காகவே புகழ்ந்தாள். இருவருக்கும் நோக்கம் ஒன்று; வழி இரண்டு. ஒட்டுக்கேட்கின்ற அவன் நிலை என்ன? பழிப்பைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். புகழைக் கேட்டபின் போக முடியுமா? நிலமும் வானும் நீரும் சொல்லித் தன்மேல் நம்பிக்கை வைத்த ஒருத்தியை இனியுங் காக்கவைக்க முடியுமா?

உவமையையும் கவனியுங்கள். நிலமும் வானும் கடலும் பெரிய பொருள்கள். தேனோ பூவிற்குப் பூ துளித்துளியாகச் சேர்வது. குறிஞ்சி, பன்னீராண்டுக்கு ஒருமுறை மலை முழுவதும் பூப்பது. காத்திருந்து பூத்த பூவிலே துளித்துளியாகச் சேர்ந்தது அவள் அன்பு. அந்த அன்புக்கு மூன்று பெரிய அளவைகளைச் சொன்னவள், தான் காத்திருக்கும் காலத்தைப் பற்றி ஒருசொல்லுஞ் சொல்லவில்லை. அதைக் குறிஞ்சிப் பூ சொல்லிவிடுகின்றது.

பின்பு அவன் மணம் பேசி வந்தானா? பாட்டிலே இல்லை. அடுத்த தாள் இல்லை!

இங்கேதான் நான் தேடிய விடை இருந்தது. நாவலிலே கடைசித் தாள் கிழிந்து போயிற்று. குறுந்தொகையிலே கடைசித் தாளைப் புலவரே எழுதவில்லை. எழுதாமல் விட்டது மறதியினாலன்று. அந்தத் தாளை எழுதவேண்டியவர் படிக்கும் நாம். அதனாலேயே நாலு அடிப் பாட்டு இருபது வயதிலே ஒருவிதமாகவும் ஐம்பது வயதிலே வேறொருவிதமாகவும் முடிகின்றது. இருபது வயதிலே எனக்கு வேலிப்புறத்துத் தலைவன்தான் தெரிந்தான். இன்று, பழிச்சொல்லைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தோழமை செய்த அந்தத் தோழி தெரிகிறாள்.

மோர்க்குழம்பும் ஒரு முகமும்

இன்னொரு பாட்டு. 167 ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமாகிப் போன மகளின் வீட்டைப் பார்த்து வந்த செவிலித்தாய், அந்த வீட்டு நடப்பைப் பெற்ற தாய்க்குச் சொல்கிறாள். மகள் கட்டித் தயிரை விரலாற் பிசைகிறாள். அந்த விரலைக் கழுவாமலே சேலையைத் திருத்தி உடுத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணிலே படிய, புளிப்புக் குழம்பைத் தானே துழாவிச் சமைக்கிறாள். இனிது என்று சொல்லிக்கொண்டு கணவன் உண்கிறான். அவள் முகம் மகிழ்ந்தது.

எப்படி மகிழ்ந்தது என்பதிலே பாட்டின் உயிர் இருக்கிறது. கூர்ந்து பார்ப்பவர்க்கே தெரியும்படி, மிக நுண்ணியதாக மகிழ்ந்தது என்கிறார் புலவர். சிரித்தாள் என்று சொல்லவில்லை. பேசினாள் என்றுஞ் சொல்லவில்லை. அந்த நுண்ணிய மகிழ்ச்சியைக் கண்டுபிடித்தவள் செவிலி. வளர்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும்.

சமையல் பழகாத செல்வப் பெண் சேலையிலே விரல் துடைத்ததைச் செவிலி ஏன் சொல்ல வேண்டும்? அது குறையன்றோ? குறைதான். அந்தக் குறையைத் தாய்க்குச் சொன்னால் தாயின் நெஞ்சு குளிரும் என்று செவிலிக்குத் தெரியும். கழுவ நேரமில்லாத அவசரம். பிறர் கையில் விடாத ஆசை. கண்ணிற் புகை பட்டபோதும் அடுப்பை விட்டு அகலாத பொறுப்பு. மகள் நன்றாக வாழ்கிறாள் என்று செவிலி சொல்லவில்லை. தயிரையும் புகையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். கேட்ட தாய் என்ன சொன்னாள்? இங்கும் அடுத்த தாள் இல்லை.

பழைய தமிழ் கடினம் என்பவர் இந்தப் பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். தயிர், விரல், புகை, புளி, கணவன் ஆகிய சொற்களுக்கு அகராதி வேண்டுமா? இரண்டொரு சொல்லுக்கு வேண்டும். இரண்டொரு சொல்லுக்கு உரை பார்ப்பது பெருந்துன்பமன்று. உண்மையான கடினம் சொல்லிலே இல்லை. நமது விரைவிலே இருக்கின்றது. கதை படித்துப் பழகிய கண், அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே ஓடும். பழம்பாட்டிலே அடுத்து ஒன்றுமில்லை, உள்ளே இருக்கின்றது. ஓடி வந்த கண் நிற்க முடியாமல் விழுகின்றது. விழுந்தபின் பாட்டின்மேற் பழி போடுகின்றது.

இரண்டு நிலவுகளின் நடுவே

இன்னொன்று சொல்ல வேண்டும். பழைய நூல் நமக்கு அலங்காரமன்று. சில வேளைகளில் வேறெதுவும் பேசாத இடத்திலே அது பேசுகின்றது.

புறநானூற்றின் 112 ஆம் பாட்டு பாரியின் மகளிர் பாடியது. ஐந்தே அடி. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான், மலை பிறர் கைக்குப் போயிற்று. பெண்கள் இருவரும் அனாதைகளாயினர். அவர்கள் சொல்வது இவ்வளவுதான்: கடந்த திங்கள் நிலவு எரித்தபோது தந்தையும் இருந்தார், மலையும் எங்களுடையது, இந்தத் திங்கள் நிலவு எரிக்கும்போது வென்றவர்கள் மலையைக் கொண்டனர், தந்தையும் இல்லை.

முற்றுகையைச் சொல்லவில்லை. சூழ்ச்சியைச் சொல்லவில்லை. அழுதோம் என்றுஞ் சொல்லவில்லை. ஒரு நிலவுக்கும் மறு நிலவுக்கும் நடுவே நடந்த அத்தனையும் விடப்பட்டிருக்கிறது. ஒரு தொடர்கதை ஆசிரியருக்கு அங்கே ஐம்பது அத்தியாயம் உண்டு.

2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், ஊர் விட்டு ஊர் அலைந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருந்த உயர்தர வகுப்பொன்றில் இந்தப் பாட்டைப் படிப்பித்தேன். கையறுநிலை என்னும் துறையை விளக்க ஆயத்தமாகப் போயிருந்தேன். பாட்டை இரண்டுமுறை வாசித்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நிலா மாறாமல் அப்படியே வந்ததுதான் அவர்களுக்குத் தாங்க முடியாமல் இருந்திருக்கும்" என்றாள்.

எந்த உரையிலும் நான் அதைப் படித்ததில்லை. நான் மேலும் ஒன்றும் விளக்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அந்த வழியிலே நடந்தவர்களில் நானும் ஒருவன். பாரி மகளிர் பாட்டு அதற்கு முன்னரே எனக்கு மனப்பாடம். ஆயினும் அந்தப் பிள்ளை சொன்னபிறகே நிலவு எங்கள் வீட்டு முற்றத்துக்கும் வந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

அவளுக்கு அந்தப் பாட்டு எப்படி விளங்கியது? அவள் நிறையப் படித்தவள் அல்லள். புலவர் எழுதாமல் விட்ட தாள் அவளிடம் இருந்தது. அவ்வளவே.

முன்னோர் திரும்பிய வழி

பழைய நூலை மறந்திருந்து மீண்டும் அடைதல் இக்காலத்தார்க்கு மாத்திரம் உரியதென்று நினைக்கவேண்டா. தமிழுலகம் முழுவதுமே ஒருமுறை மறந்திருந்தது. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று கற்றுக் கரைகண்டவர். 1880 ஆம் ஆண்டிற் கும்பகோணத்திலே சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன படித்தீர் என்று கேட்டார். ஐயர் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை, இவற்றுக்கு முந்திய நூல்கள் என்ன ஆயின என்று கேட்டார். அந்தக் கேள்வியிலே பிறந்தது 1887 ஆம் ஆண்டின் சிந்தாமணிப் பதிப்பு. பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று தொடர்ந்து, குறுந்தொகை 1937 இலே அவருரையோடு வந்தது.

அதே 1887 இலே கலித்தொகையை அச்சேற்றியவர் நம்மவர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அதற்கு இரண்டாண்டு முன்னர்த் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டவரும் அவரே. தொட்டால் ஒடிகின்ற ஏடுகளோடு அவர் பட்ட பாட்டை அவருடைய பதிப்புரைகளிலே காணலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் அவர். உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். பொழுதுபோக்க அவருக்கு வேறு வழி இல்லாமலில்லை.

மெல்லப் படித்தலின் பயனுக்கு விபுலாநந்த அடிகளைச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர் எத்தனையோ பேர். அதிலே யாழைப் பற்றிய சில அடிகளையும் அடியார்க்குநல்லார் உரையையும் பல ஆண்டு விடாது சிந்தித்தவர் அடிகள். விஞ்ஞானமும் கணிதமும் கற்ற அவர், வழக்கிறந்துபோன யாழை அந்த அடிகளிலிருந்து மீட்டெடுத்தார். 1947 இலே யாழ்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அடிகள் மறைந்தார். இரண்டு பக்கம் போவதில்லை என்று நாம் மூடிவைக்கும் நூலிலே, சில அடிகளோடு ஓர் ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்த அறிஞர் அவர்.

திரும்புவார்க்குச் சில சொற்கள்

திரும்ப நினைக்கும் அன்பருக்கு ஆசிரியத் தொழிலிலே கண்ட சில வழிகளைச் சொல்லலாம்.

முதலிலே காப்பியங்களில் இறங்க வேண்டா. குறுந்தொகையிலே தொடங்குங்கள். பெரும்பாலும் நாலடி முதல் எட்டடி வரையுள்ள பாட்டுக்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு உண்டு. நாளுக்கு ஒன்று என்றால் ஓராண்டும் முப்பத்தாறு நாளும் போதும்.

படிக்கும் முறை இது. உரையைப் பாராமற் பாட்டை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் காரியமில்லை, காதுக்குப் பழகட்டும். பின்பு கூற்றுக் குறிப்பைப் பாருங்கள்: யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், யார் கேட்டுக்கொண்டு நிற்கிறார்? அதன்பின் உரையைப் படியுங்கள். உரையை மூடிவிட்டுப் பாட்டை மறுபடி படியுங்கள். புத்தகத்தையும் மூடிவிடுங்கள். மிகுதியைக் கிணற்றடியிலும் பஸ்ஸிலும் படிக்கலாம். ஒரு பாட்டு நெஞ்சிலே பேசவில்லையானால் அதனோடு போராட வேண்டா, அடுத்ததற்குப் போங்கள். சில ஆண்டு கழித்து அது தானே வந்து கதவைத் தட்டும்.

ஈழத்தவராகிய நாம் தேடிப் படிக்கவேண்டியவர் ஒருவர் உளர், ஈழத்துப் பூதன்தேவனார். சங்கத் தொகைகளிலே அவர் பெயரால் ஏழு பாட்டு உண்டு, மூன்று குறுந்தொகையில். அவற்றுள் 343 ஆம் பாட்டிலே, யானையின் முகத்திற் பாய்ந்த புலி, அதன் கொம்பிலே குருதிக் கறை படுத்திவிட்டு, கோடைக் காற்றால் வாடிய பூங்கொம்பு போலக் கிடக்கின்றது. அந்த மலைநாட்டானோடு போவதை எண்ணிப்பார் என்கிறாள் தோழி. போ என்று சொல்லவில்லை; எண்ணிப்பார் என்றே சொல்கிறாள். போனாளா? அதனையும் நீங்களே சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். துப்பறியும் நாவலும் கைப்பேசியும் பழந்தமிழுக்குப் பெரும் பகையல்ல. பரீட்சைக் குறிப்புப் புத்தகமே பெரும்பகை. நாவல் கடைசித் தாளைக் கடைசியிலாவது தருகின்றது. குறிப்புப் புத்தகம் இல்லாத கடைசித் தாளைத் தானே எழுதி முதலிலே தந்துவிடுகின்றது. மனைவி சமைத்தாள், கணவன் புகழ்ந்தான், அவள் மகிழ்ந்தாள் என்று மூன்று வசனத்திலே 167 ஆம் பாட்டை முடித்துவிட்டால், அந்தப் பிள்ளை தயிரையும் காணாது, விரலையும் காணாது, முகத்தையுங் காணாது. இருபது ஆண்டு கழிந்து, இரண்டு பக்கம் போவதில்லை என்று சொல்பவர் அந்தப் பிள்ளைதான். பாட்டை வகுப்பிலே வாசித்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருக்க நாம் பழகவேண்டும். அந்த மௌனத்துக்குப் பரீட்சைத் திணைக்களம் புள்ளி தராது. ஆயினும் பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து பேசுவதற்கு அது இடந்தரும்.

நூல் கிடைக்கவில்லை என்று இக்காலத்தில் ஒருவருஞ் சொல்ல முடியாது. மதுரைத் திட்டம் 1998 தொடக்கமும், நம் நாட்டவர் தொடங்கிய நூலகம் திட்டம் 2005 தொடக்கமும் தமிழ் நூல்களை மின்வடிவிலே சேர்த்து எவருக்கும் இலவசமாகத் தருகின்றன. தாமோதரம்பிள்ளை கையிலே தொட்டதும் ஒடிந்த ஏடு, நம் கையிலே தொட்டதும் திறக்கின்றது. பிள்ளைகள் என்னைக் கண்டு மறைக்கின்ற அந்தக் கைப்பேசிக்குள்ளேதான் புறநானூறும் இருக்கின்றது. தள்ளிக்கொண்டே போகும் விரல் ஒருகணம் நிற்பதுதான் வேண்டுவது.

கறையான் தின்ற ஏடு, ஆற்றிலே விட்ட ஏடு, அடுப்பிலே போன ஏடு என்று நாம் இழந்தவற்றுக்குக் கணக்கில்லை. 1981 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் தேதி விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் சாம்பலாய்க் கிடந்தன; கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. அவற்றை இனி எந்த விளக்கிலும் படிக்க முடியாது. ஆனால் எரியாத ஏடுகள் இருக்கின்றன. அவற்றை மூடிவைத்திருப்பதற்கு நாம் என்ன நியாயஞ் சொல்லப் போகிறோம்?